மலிவு ஆடையின் மறுபக்கம்

பனிமய அன்னையின் திருவிழாவுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. ஆண்டுக்கு இரண்டே புத்தாடைகள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாவாடையின் அடியில் இரண்டு மடிப்பு வைத்துத் தைப்பார்களாம். வளர வளரப் பிரித்துவிடலாம். அக்காள் உடுத்தியது தங்கைக்கு. கிழிந்த பின் அடுப்படியில் கரித்துணி. இன்றோ கைப்பேசியைத் தொட்டால் மூன்றாம் நாள் வாசலில் சட்டை வந்து நிற்கிறது. நாலு முறை துவைத்தால் சாயம் போய்விடும். அதற்காக யாரும் வருந்துவதில்லை.

அவ்வளவு குறைந்த விலை எப்படிக் கட்டுபடியாகிறது? இதற்கு விடை காணத் திருப்பூருக்குப் போகவேண்டும். அவ்வூர்ப் பனியன்கள் நம் துறைமுகத்தில்தான் பெருமளவு கப்பலேறுகின்றன. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ கழிவுநீரோடு வெளியேறும். உப்பளத்தில் பயிர் விளையாது என்பதைத் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அத்தகைய நீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் விடப்பட்டது. பாசனத்திற்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாதவை மட்டுமே மீண்டும் இயங்கலாம் என்றது. அப்படிச் சுத்திகரிக்கச் செலவு அதிகம். அதைக் கொடுக்க மனமில்லாத வியாபாரி, கட்டுப்பாடு குறைந்த வேறிடம் தேடுகிறான். நாமும் பத்து ரூபாய் குறைவென்றால் அந்தக் கடைக்குத்தானே ஓடுகிறோம்!

ஆற்றைவிட என் மனத்தை உறுத்துவது வேறொன்று. மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்குத் தென் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து ஏழைப் பெண்களை அழைத்துப் போனார்கள். அதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். மூன்றாண்டு உழைத்தால் முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை. இடையில் நோயுற்றுத் திரும்பியவர் பலர் அதை இழந்தனர். அவர்களில் நம் வயதுடையோரும் இருந்தனர்.

நம் ஊரிலும் நூற்பாலை இருந்தது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். ஊராரிடம் பணம் திரட்டினர். ஆலையை ஆதரித்துப் பேசிய வழக்கறிஞர் ஒருவரைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போய்விட்டார் என்பார்கள்! ஒன்பது நாட்களில் நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது; ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

அன்று ஆலைத் தொழிலாளி அடுத்த தெருக்காரர், முகம் தெரியும். இன்று நம் சட்டையைத் தைத்தவள் யாரென்று நமக்குத் தெரியாது. விலைச்சீட்டில் அவள் பெயர் இல்லை. தையற்காரரிடம் கொடுக்கும் துணியும் ஏதோ ஓர் ஆலையில் பிறந்ததுதான், உண்மை. ஆனாலும் எட்டு வாங்கும் இடத்தில் நல்லதாக இரண்டு வாங்கினால், அந்த இரண்டுக்கும் நியாயமான விலை கொடுக்க முடியும். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்படிச் செய்வதென்று எங்கள் வகுப்பில் சிலர் பேசி வைத்திருக்கிறோம். ஒருத்தி மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே மூன்று ஆர்டர் கொடுத்துவிட்டாளாம்.