பாலைச் சாலையை நெளிய வைப்பது யார்?

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் லாவர்ட்டன் என்ற சிற்றூரில் கிளம்பி, கண்டத்தின் நடுவே உலூரு பாறையின் அருகே போய்ச் சேர்கிறது கிரேட் சென்ட்ரல் ரோடு. நீளம் சுமார் 1,100 கி.மீ. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய காரவனைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு இவ்வழியே போகிறவர்கள் வெயிலுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கும் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் நாள் முழுக்க வண்டியை அரித்துத் தின்பது வேறொன்று. தார் போடாத பகுதிகளில் மண் சாலை தகரக் கூரைபோல நெளிநெளியாகக் கிடக்கிறது. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 1,400க்கு மேற்பட்ட மேடுகள். அப்படி 500 கி.மீ. ஓடினால் ஒவ்வொரு சக்கரமும் ஏழு லட்சம் தடவை அடி வாங்கியிருக்கும். மாலையில் காரவனைத் திறந்தால் அலமாரியின் திருகுகள் கழன்று தரையில் உருளும். குளிர்ப்பெட்டியில் அருகருகே வைத்த அலுமினிய டின்கள் ஒன்றையொன்று உரசியே ஓட்டையாகி ஒழுகும்.

இதற்குப் பாலைவன மண்ணின் மேல் பழி போடுவது வழக்கம். சிலர் கனரக லாரிகளைச் சொல்வார்கள். சிலர் வண்டிகளின் ஸ்பிரிங்கைச் சொல்வார்கள். ஆய்வகம் வேறு விடை தருகிறது. 1963இல் கீத் மேதர் என்ற இயற்பியலாளர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில், மணற்பாதையில் சக்கரத்தைச் சுற்றவிட்டே இந்த நெளிவைப் பார்க்கலாம் என்று காட்டினார். 2007இல் தபர்லே, மோரிஸ், மெக்எல்வேன் என்ற மூவர், சுழலும் மேடையில் மணலைப் பரப்பி அதன்மேல் ஒரு சிறு சக்கரத்தை உருளவிட்டார்கள். மணலில் நெளிவு விழுந்தது. மணலுக்குப் பதில் அரிசியைப் போட்டபோதும் விழுந்தது. பின்னர் சக்கரத்தையே எடுத்துவிட்டுச் சாய்ந்த தகட்டை இழுத்தார்கள், அப்போதும் விழுந்தது. ஆக, மண்ணின் குணமோ ஸ்பிரிங்கோ இன்ஜினோ மூலகாரணம் அல்ல. வேகம்தான் காரணம். ஒரு சிறு பிசிறில் ஏறும் சக்கரம் துள்ளுகிறது. விழுந்த இடத்தில் மண்ணைத் தோண்டி முன்னே தள்ளுகிறது. அடுத்த சக்கரத்துக்கு அதுவே புதிய மேடு. ஓட்டாஞ்சில்லு குளத்து நீரில் தத்தித் தத்திப் போவதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே நெளிவு பிறப்பதே இல்லை. ஆனால் சாதாரணக் காருக்கு அந்த எல்லை மணிக்கு 8 கி.மீ. அளவில்தான் இருக்கிறது.

அனுபவசாலிகள் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள்: “80இல் விரட்டினால் வண்டி மிதப்பதுபோலப் போகிறது. மெதுவாகப் போனால்தான் குலுங்குகிறது.” அவர்கள் உணர்வது பொய்யல்ல. 40 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 16 அதிர்வு. சக்கரமும் அச்சும் இயல்பாகத் துள்ளும் வீதத்துக்கு அது நெருக்கமானது. அதனால் குலுக்கல் உச்சத்தில் இருக்கும். 80இல் அது 32 ஆகிறது. பள்ளத்தில் இறங்கச் சக்கரத்துக்கு நேரமில்லை, மேட்டு முனைகளை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. சொகுசு அப்படித்தான் வருகிறது. அதற்கான விலை பிடிமானம். தரையைத் தொடாத டயரால் பிரேக்கையும் பிடிக்க முடியாது, வளைவிலும் நிலைக்க முடியாது. பின்னால் ஆடும் காரவனின் ஸ்பிரிங் வேறு, எடை வேறு. காருக்கு இதமான வேகம் அதற்கும் இதமாக இருக்க வேண்டியதில்லை. அங்கே ஆள் யாரும் உட்காராததால், அது படும் பாடு ஓட்டுநருக்குத் தெரிவதும் இல்லை.

கிரேடர் விட்டுச் சமன் செய்யலாமே என்பது அடுத்த கேள்வி. செய்கிறார்கள். ஆனால் ஈரமில்லாத மண் இறுகாது. மேட்டைச் சீவிப் பள்ளத்தில் கொட்டிய புழுதியை அடுத்தடுத்து வரும் வண்டிகள் மறுபடி அலையாக்கிவிடும். தார் போடுவதே நிலையான தீர்வு என்பதை மறுக்க முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஊரே இல்லாத நிலத்தில் அது துண்டு துண்டாகத்தான் நடக்கும்.

அதுவரை பயணியின் கையில் இருப்பது டயரின் காற்று. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் என்று கொள்வோம். 40 பி.எஸ்.ஐ. காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 180 சதுர செ.மீ.; 28க்குக் குறைத்தால் 250. டயர் மென்மையாகி மேட்டின் அடியைத் தானே வாங்கிக்கொள்கிறது. வண்டிக்குப் போகும் அதிர்ச்சி குறைகிறது. எவ்வளவு குறைக்கலாம் என்பது டயரையும் பாரத்தையும் பொறுத்தது. காரவனின் டயர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் காற்றைக் குறைத்துவிட்டு வேகத்தைக் குறைக்காதிருப்பது ஆபத்து: பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கலாம். தார்ச் சாலை வந்ததும் மறுபடி காற்றடித்தாக வேண்டும். மோட்டார் வருமுன் இந்த நிலத்தில் சரக்கு சுமந்தவை ஒட்டகங்கள். அகன்ற மென்பாதம், நடைவேகம் இரண்டையும் இயற்கை அவற்றுக்குச் சேர்த்தே கொடுத்திருந்தது.

எட்டு கி.மீ. வேகத்தில் ஆயிரம் கி.மீ. போக யாராலும் முடியாது; நெளிவு பிறப்பதை முற்றாகத் தடுக்கவும் முடியாது. ஆனால் அதை வளர்க்காமல் இருக்க முடியும். இந்தச் சாலையில்தான் வார்பர்ட்டன் போன்ற பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே கடைக்கு வரும் அரிசியும் மாவும் இதே நெளிவுகளைக் கடந்துதான் வருகின்றன. சுற்றுலா செல்பவருக்கு இது ஒரு வாரச் சாலை, அங்கே வாழ்பவர்களுக்கோ அன்றாடச் சாலை. தார் முடியும் இடத்தில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். எல்லா டயரிலும் காற்றைக் குறையுங்கள். பிறகு மெதுவாகப் போங்கள்.