வற்றிய சொற்கள்

சுவரில் தட்டிக் காயவைத்த சாணம், வறட்டி. சளியே வராமல் தொண்டையை அறுப்பது வறட்டு இருமல். பையில் பத்து ரூபாய்கூட இல்லாதவர், 'சாப்பிட்டாச்சு' என்று விறைப்பாக நின்றால் அது வறட்டு கௌரவம்!

வறட்சி, வறுமை இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: 'வற'. குளம் காய்ந்தால் வறட்சி, வீடு காய்ந்தால் வறுமை. 'கை காய்ந்து கிடக்கிறது' என்கிறோமே, அதே கணக்கு. சுவையற்ற பேச்சு வறட்டுப் பேச்சு. இரக்கமற்ற நெஞ்சோ ஈரமில்லாத நெஞ்சு.

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அந்த வறண்ட நிலத்துக்கு முன்னோர் வைத்த உரிப்பொருள், பிரிவு.

காயக் காய மதிப்புக் கூடுவது சுண்டைக்காய்க்கு மட்டும்தானோ? வத்தக்குழம்பு வைப்பவர்களைக் கேளுங்கள்.