வெறுத்த வேலையும் ஊழியமே

"தினமும் இதே வேலை. மனசு மரத்துப் போச்சு, ஐயா" என்று இரவுப் பணியிலிருந்த நர்ஸ் சகோதரி ஒருவர் எங்களிடம் கண்ணீர் விட்டார். அவருக்குச் சகோதரர் லாரன்ஸைப் பற்றிச் சொன்னோம்.

போரில் காயம்பட்டுக் கால் ஊனமான இந்தப் பிரெஞ்சுக்காரர் 1640இல் பாரிஸ் நகரின் கர்மேல் மடத்தில் சேர்ந்தார். கிடைத்ததோ சமையலறை வேலை; அது அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. அதை அவர் மறைக்கவுமில்லை. நன்றாய்ச் செய்யக் கிருபை கேட்டு, ஒவ்வொரு சிறு காரியத்தையும் ஆண்டவர்மேலுள்ள அன்பினால் செய்தார். மனம் சிதறினால் கலங்காமல் மறுபடியும் தேவ சமுகத்துக்குத் திரும்பினார். சமையலறையில் இருந்த 15 ஆண்டுகளும் வெறுத்த வேலையே இலகுவாயிற்று.

இப்போது அந்தச் சகோதரி, ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகுமுன் கை கழுவும்போது, "எனக்குள் இருப்பது கோபமா, பயமா, அசதியா?" என்று கேட்டுக்கொள்கிறார். உள்ளதை உள்ளபடி ஜெபத்தில் சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அசதி நீங்கிவிடவில்லை. ஆனால் மனசு மரத்துப் போனதாக அவர் இப்போது சொல்வதில்லை.

உங்கள் அடுப்படியிலும் அலுவலகத்திலும் இப்படிச் செய்து பாருங்கள். எங்கள் நர்ஸ் சகோதரிகளை ஜெபத்தில் தாங்குங்கள்.