பள்ளித் தலைமையும் பணியாளர் பாதுகாப்பும்

பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு என்றதும் குழந்தைகளின் நினைவே நமக்கு முதலில் வருகிறது. அது இயல்பே. ஆயினும் ஆசிரியர்க்கும், ஆய்வுக்கூட உதவியாளர்க்கும், ஆயாவுக்கும், சமையற்காரர்க்கும் அப்பள்ளியே தொழில் செய்யும் இடம். அவர்களைக் காக்கச் சட்டங்களும் சாதனங்களும் உள்ளன. அவற்றிற்கு உயிர் கொடுப்பவர் தலைமையாசிரியர்.

மாடிப்படியின் விளிம்பு உடைந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அமிலப் புட்டி கசிகிறது. இவற்றை முதலில் காண்பவர் பெரும்பாலும் கடைநிலைப் பணியாளரே. அவர் வந்து சொல்லும்போது, "உம் வேலையைப் பாரும்" என்று தலைவர் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் வாய் திறவார்; அதைக் கேட்ட மற்றவரும் திறவார். மாறாக, தலைவர் உடனே எழுந்து சென்று பார்த்து, குறிப்பேட்டில் பதிந்து, பழுதுபார்க்க நாளும் குறித்தால், அன்று முதல் பள்ளியில் உள்ள அனைவரும் காவலர் ஆவர்.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரையில் பற்றி, 94 குழந்தைகள் மாண்டனர். அத்துயரத்தின் பின் எழுந்த வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் நாட்டின் பள்ளிகள் அனைத்திற்கும் விதிகள் வகுத்தது. தீயணைக்கும் கருவிகள் இருந்தால் மட்டும் போதாது, அவற்றைக் கையாளப் பணியாளர்க்குப் பயிற்சியும் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அப்பயிற்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டியவர் தலைவரே.

தீங்கு தீயினால் மட்டும் வருவதன்று. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் இயற்றப்பெற்ற சட்டம் பள்ளிகளுக்கும் உரியது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் நிர்வாகம் உட்குழு அமைக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிப்பேரேனும் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். புகாரை மூன்று மாதத்திற்குள் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத இயலாதவர்க்கு எழுதித்தர உதவுவதும் குழுவின் கடமை. வெளிமாநிலத்தில் உள்ளூர் மொழியை எழுத அறியாமல் பணிபுரியும் நம் சகோதரிகள் இதனை நினைவிற் கொள்க.

தமிழ்ச் சங்கங்களின் பள்ளிகளை நிர்வகிக்கும் அன்பர்கள் தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. "இவ்வாண்டு பணியாளர் சொன்ன குறைகள் எத்தனை? தீர்ந்தவை எத்தனை?" என்றும் தலைமையாசிரியரைக் கேட்க வேண்டும். குறையே இல்லை என்று விடை வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். சொல்ல அஞ்சுகிறார்களோ என்று விசாரியுங்கள்.