கால்சியம் நுழைந்ததும் நடக்கிற அமர்க்களம்

மெதுவாக உள்ளே வாருங்கள். நாம் நிற்பது ஒரு நரம்பணுவின் கடைக்கோடியில். நரம்பு நெடுக ஓடிவரும் மின்துடிப்பு இங்கே வந்து சேரும்; இதற்குமேல் அதற்குப் பாதை கிடையாது. எதிரே அடுத்த நரம்பணு. நடுவில் ஓர் இடைவெளி, வெறும் 20 நானோமீட்டர். சினாப்ஸ் என்ற இந்தச் சந்திப்புகளில் பெரும்பாலானவற்றில் அந்த இடைவெளியை மின்சாரம் தாண்டுவதில்லை. ஆனால் செய்தி தாண்டிவிடுகிறது, கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு நொடிக்குள்! திரைக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது?

சவ்வின் உட்புறத்தை ஒட்டிப் பாருங்கள். சுமார் 40 நானோமீட்டர் அகலத்தில் குட்டிக் குட்டிக் குமிழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும், இடைவெளியைத் தாண்டிச் செய்தியைக் கொண்டுசெல்லும் ஆயிரக்கணக்கான நரம்புக்கடத்தி மூலக்கூறுகள். முன்வரிசைக் குமிழிகளை ‘ஸ்நேர்’ புரதங்கள் ஏற்கெனவே சவ்வோடு சேர்த்து முறுக்கிப் பிடித்திருக்கின்றன. கல்யாணப் பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, வாளியும் கரண்டியுமாக நின்றுகொண்டு, ‘பரிமாறலாம்’ என்ற ஒரே சொல்லுக்குக் காத்திருப்பார்களே, அதே நிலை. இங்கே அந்தச் சொல்லைச் சொல்வது கால்சியம்; கேட்டதும் குமிழி திறந்து நரம்புக்கடத்தியைக் கொட்டிவிடும்.

அந்தச் சொல்லுக்கு ஏன் இத்தனை மதிப்பு? உயிரணுவுக்கு வெளியே கால்சியம் தாராளமாக இருக்கிறது. உள்ளேயோ அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பாஸ்பேட்டோடு கால்சியம் சேர்ந்தால் கெட்டியாகிப் படிந்துவிடும். எலும்பு உருவாவது அந்தச் சேர்க்கையால்தான். பாஸ்பேட்டை நம்பியே பிழைக்கும் உயிரணு, அதனால் இரவும் பகலும் ஆற்றலைச் செலவழித்துக் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே அவ்வளவு வறட்சி நிலவுவதால்தான், துளியூண்டு நுழைந்தாலும் அமர்க்களமாகிவிடுகிறது. தற்காப்புக்காகச் செய்த ஏற்பாட்டையே இயற்கை செய்தி அனுப்பும் உத்தியாக மாற்றிக்கொண்டது. எனக்கு இதைவிடப் பிடித்த சங்கதி உடலியலில் வேறு இல்லை.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? இங்கேதான் ஊசிக்கணவாய் வருகிறது! ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாய்கிற அந்தப் பிராணிக்கு ஒரு ராட்சத சினாப்ஸ் உண்டு. இரு பக்கத்திலும் மின்முனைகளைச் செருகிப் பார்க்கிற அளவுக்குப் பெரியது. 1960-களில் பெர்னார்ட் காட்ஸும் ரிக்கார்டோ மிலேடியும் அதில் செய்த சோதனையை நினைத்தால் இன்றும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினைக் கொண்டு முதலில் நரம்பின் மின்துடிப்பையே நிறுத்திவிட்டார்கள். பிறகு நரம்பு முனைக்குள் மின்முனை வழியாகத் தாங்களே மின்னழுத்தத்தை ஏற்றினார்கள். மறுபக்கத்துக்குச் செய்தி போனது! ஆக, துடிப்பே தேவையில்லை. அழுத்தம் மாறினால் போதும். சரி, இன்னும் ஏற்றுவோம். இன்னும், இன்னும். ஒரு கட்டத்தில் மறுபக்கம் கப்சிப். அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது, செய்தியைக் காணோம். சுவிட்சை அணைத்தார்கள். அணைத்த மாத்திரத்தில் மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது!

காரணத்தைக் கேளுங்கள். அழுத்தம் ஏறினால் சவ்விலுள்ள கால்சியம் வாயில்கள் திறக்கும். ஆனால் அளவுக்கு மீறி ஏற்றினால் உட்புறமே நேர்மின் மயமாகிவிடும். கால்சியமும் நேர்மின் அயனி. வாயில் திறந்திருந்தும் உள்ளே வராது. அழுத்தத்தை எடுத்ததும் அந்தத் தடை விலகுகிறது, வாயில் மூடவோ ஒரு கணம் பிடிக்கிறது. அந்தக் கணத்தில் கால்சியம் பாய்ந்துவிடுகிறது. குமிழியைத் திறக்க வைப்பது மின்சாரம் அல்ல, கால்சியம்தான் என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எங்கே கிடைக்கும்? காட்ஸுக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அந்தக் கால்சியத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். அந்தக் கதை 1961 கோடையில், அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில், ஒரு கழுவுதொட்டியில் தொடங்குகிறது. ஒளிரும் ஜெல்லிமீன்களை வலைபோட்டு அள்ளி, விளிம்பை வெட்டிப் பிழிந்து, ஒளி தரும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார் ஒசாமு ஷிமோமுரா. அமிலம் சேர்த்து அடக்கிவைத்திருந்த சாற்றைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி முழுக்கப் பளீரென்று நீல வெளிச்சம்! மீன்காட்சித் தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. கடல்நீரில் இருந்த கால்சியம்தான் விளக்கை ஏற்றியது. சாற்றிலிருந்து அவர் பிரித்தெடுத்த புரதம் ஏக்வோரின். கால்சியம் பட்டால் ஒளிரும்.

1992-இல் ரொடோல்ஃபோ லினாஸ் குழுவினர் ஏக்வோரினின் ஒரு வகையைக் கணவாயின் நரம்பு முனைக்குள் செலுத்தினார்கள். நிறையக் கால்சியம் சேர்ந்தால் மட்டுமே ஒளிரும் வகை அது. துடிப்பு வந்தபோது முனை முழுவதும் ஒளிரவில்லை. அரை மைக்ரோமீட்டர் அகலப் புள்ளிகள் அங்கங்கே மின்னின! வாயில்கள் திறக்கிற இடத்துக்கு அருகே மட்டும் கால்சியம் திடீரெனப் பல மடங்கு உயர்ந்து, உடனே கரைந்துபோகிறது. குமிழிகள் காத்து நிற்பதும் அந்த இடங்களில்தான். அதனால்தான் இந்த வேகம்: கால்சியம் நுழைந்து மறுபக்கம் பதில் தெரிய, கணவாயில் ஐயாயிரத்தில் ஒரு நொடியே போதும்.

கால்சியத்தைப் பிடிப்பது குமிழியில் ஒட்டியிருக்கும் சினாப்டோடாக்மின் என்ற புரதம். அதன் பங்கைத் துலக்கிய தாமஸ் சுதோஃப் 2013 நோபலில் பங்கு பெற்றார். ஓர் அயனி வந்து தொட்டால் அது மசியாது, பல சேர வேண்டும். தவளை நரம்பில் அளந்தபோது, குறைந்த அளவுகளில் கால்சியத்தை இரட்டிப்பாக்கினால் நரம்புக்கடத்தி வெளியீடு ஏறத்தாழ 16 மடங்காக ஏறுவது தெரிந்தது. இரண்டுக்குப் பதினாறு!

இந்தக் கால்சியம் வாயில்களை மனிதருக்கு முன்பே கண்டுகொண்ட ஒரு ஜீவன் உண்டு: கூம்பு நத்தை. மீனை விஷ ஊசியால் குத்தி, நரம்பின் கால்சியம் வாயில்களை அடைத்து, அசையவிடாமல் செய்து விழுங்கிவிடும். பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவேராவின் ஆய்வகம் ‘கோனஸ் மேகஸ்’ நத்தையின் நஞ்சிலிருந்து 25 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கைப் பிரித்தது. அதை அப்படியே செயற்கையாகச் செய்த மருந்துதான் சிக்கோனோடைட். 2004-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடும் வலியுள்ளவர்களுக்கு, சிறு பம்ப் மூலம் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் இதைச் செலுத்துகிறார்கள். வலியைச் சுமந்துவரும் நரம்பின் முனையில் வாயில் அடைபடுகிறது. துடிப்பு வந்து சேரும்; கால்சியம் நுழையாது; செய்தி மேலே மூளைக்குப் போகாது.