பிறப்புக்கு ஒரு வெடி

குடகில் ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால், அந்தச் சேதியைச் சொல்ல அன்று யாரும் ஊர் ஊராக நடக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டு ஆண் ஒருவர் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி தீர்ப்பார். 1870-இல் வெளியான குடகு பற்றிய கையேட்டில், மடிக்கேரியில் வாழ்ந்த ஜெர்மானியரான ரிக்டர் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆமணக்குத் தண்டை வளைத்து ஒரு சின்ன வில், அதே செடியின் இலைக்காம்பில் ஓர் அம்பு. இரண்டையும் பிறந்த குழந்தையின் கையில் வைப்பார்கள். அதே நேரத்தில் வெளியே துப்பாக்கி வெடிக்கும்.

குடகின் நில அமைப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும். தெருவும் வரிசை வீடுகளுமாக அமைந்த ஊர்கள் அங்கே குறைவு. பள்ளத்தாக்கில் வயல், வயலை ஒட்டிய மேட்டில் ஒரு வீடு, அடுத்த வீட்டுக்கு இடையில் ஒரு காடோ காப்பித் தோட்டமோ. மழைக்காலத்தில் ஓர் ஓடை பெருகினாலே போக்குவரத்து நின்றுவிடும். அந்த இடைவெளியைக் கடக்கக்கூடியது ஓசைதான். ஒரு வெடி கேட்டால் பிறப்பு. அடுத்தடுத்து இரண்டு கேட்டால் சாவு. இரண்டு கேட்டவர்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அந்தத் திசை நோக்கிக் கிளம்பினார்கள்.

அன்று குழந்தைக்கென்று யாரும் துப்பாக்கி தேர்ந்தெடுக்கவில்லை. துப்பாக்கி ஒக்காவுக்கு உரியது. ஒரே முன்னோரின் வழிவந்த குலத்தைக் குடகின் பூர்வகுடிகளான கொடவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். குலத்தின் மூலவீடான ஐன்மனையில் ஒடிகத்தி என்னும் வளைவாள், பீச்செகத்தி என்னும் குறுவாள் ஆகியவற்றோடு அதுவும் இருந்தது. பிள்ளை பிறந்தபோது வெடித்ததும், அவன் வளர்ந்து காட்டுக்குப் போனபோது தோளில் ஏறியதும், அறுவடைத் திருநாளான புத்தரி இரவில் முதல் கதிரை அறுக்கும்போது முழங்கியதும், அவன் கண் மூடியபோது இரண்டு முறை வெடித்ததும் ஒரே துப்பாக்கியாக இருக்கலாம்.

துப்பாக்கி வைத்திருக்கும் இந்த உரிமைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1861-இல். 1857 கிளர்ச்சியில் அரண்டுபோன ஆங்கில அரசு, மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருந்த நேரம் அது. மைசூரின் ஆணையராக இருந்த மார்க் கப்பன் குடகர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார். தங்களோடு நின்றவர்களுக்கு ஆங்கிலேயர் தந்த வெகுமதி அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும் விலக்கு தொடர்ந்தது. கொடவ இனத்தவருக்கும், ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை உடையவர்களுக்கும் உரிமம் தேவையில்லை. விலக்குச் சான்றிதழ் போதும்.

இன்று அந்த முற்றங்களில் பல ஆளில்லாமல் கிடக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரிலும் மைசூரிலும் மருத்துவமனைகளில் பிறக்கிறார்கள். கைப்பேசியில் போன படம் ஒக்கா முழுவதையும் ஒரு நிமிடத்தில் எட்டிவிடுகிறது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டையும் போயிற்று. அது போனது நல்லதே. மற்றவர்களுக்கு ஆபத்து உண்டாகும்படி கொண்டாட்டத்தில் சுட்டால், 2019-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கல்யாண ஊர்வலத்தில் சுட்டு யார் உயிரையோ பறிக்கும் வடநாட்டுப் பழக்கத்தை நினைத்து வந்த பிரிவு அது. தனித்த மலை முற்றத்தில் ஒரு வெடி தீர்ப்பதை அதோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் நாலு பக்கமும் வீடுகள் எழுந்துவிட்ட இடத்தில் அந்த ஒரு வெடியையும் விட்டுவிடுவதே முறை.

வெடிச்சத்தத்தின் வேலை குறைந்துவிட்ட பிறகு, இன்றைய தகப்பனுக்கு முன்னால் நிற்பது வேறொரு கேள்வி: இந்தப் பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போவது? தாத்தா விட்டுச்சென்ற ஆங்கில இரட்டைக்குழலா, இந்தியத் தொழிற்சாலையில் வந்த புதியதா? தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980-களில் நின்றுவிட்டதால், பர்மிங்காமில் செய்த பழைய துப்பாக்கிகள் இங்கே இருப்பவைதான். புதிதாக வந்து சேரப்போவதில்லை. அதனாலேயே அவற்றின் மேல் ஆசை அதிகம். அழகும் அதிகம்.

ஆனால் அழகை மட்டும் பார்த்து முடிவு செய்வது ஆபத்து. குழல் மேல் அலை அலையாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பையும் எஃகையும் முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றிக் காய்ச்சி ஒட்டிச் செய்தது. கரிமருந்தின் அழுத்தத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை அவற்றில் பெரும்பாலானவை. ஒட்டின இடங்களுக்குள் ஈரம் புகுந்து துருப்பிடித்திருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போட்டால் குழல் கையிலேயே வெடிக்கக்கூடும். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தில் முத்திரைகளைப் பார்க்க வேண்டும்: பர்மிங்காமில் 1813 முதல் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் நிலையம் இருக்கிறது, எந்த மருந்துக்குச் சோதித்தார்கள் என்பதை அந்த முத்திரை சொல்லும். தோட்டா அமரும் அறையின் நீளமும் முக்கியம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் அது இரண்டரை அங்குலம். இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்கள் பல இரண்டேமுக்கால். உள்ளே போகும், மூடவும் மூடும். சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டு விரலால் சுண்டிப் பார்ப்பது பழைய சோதனை. மணிபோல் ஒலித்தால் இரண்டு குழலையும் பிணைக்கும் பட்டை உறுதியாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டால் எங்கோ விட்டிருக்கிறது. மூடிய நிலையில் ஆட்டிப் பார்த்து, மடிப்பில் ஆட்டம் இருந்தால் துப்பாக்கிக் கம்மியரிடம் கொண்டுபோக வேண்டும். கட்டையின் அடியில் பல துப்பாக்கிகளில் ஒரு முட்டைவடிவத் தகடு இருக்கும், பெயர் பொறிப்பதற்காகவே வைத்தது. பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் அங்கே போகட்டும். வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் உளியே போகக் கூடாது. அந்த எண்ணைச் சிதைப்பது குற்றம்.

சுட முடியாத டமாஸ்கஸ் துப்பாக்கிதான் வீட்டில் இருக்கிறதென்றால்? அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். புதிதாக ஒன்று வாங்கித் தரும் தகப்பன் ஒரு பொருளைத்தான் தருகிறான். நாலு தலைமுறைக் கை பட்டதைச் சுடாமலே ஒப்படைப்பதில் குறையொன்றும் இல்லை.

குடகின் நீண்ட மழைக்கு இரும்பு தாங்காது. நடவு முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்பொல்து நாளில் ஆயுதங்களை எடுத்துத் துடைத்து, வழிபடும் அறையில் வைத்து, தோக் பூச் சூட்டுவது வழிபாடு. வருடாந்தரப் பராமரிப்பும் அதுவே. அந்தப் பூ நம் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அன்று சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கி இன்று இரும்புப் பெட்டகத்துக்குள் போகிறது. தோட்டா வேறு இடத்தில், சாவி பெரியவர் கையில். தவழும் பிள்ளையுள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

அன்றைய வழக்கத்தில் என் மனத்தை உறுத்துவது ஒன்றுதான்: பெண் குழந்தைக்கு அந்த வெடி இல்லை. வில்லும் இல்லை. இன்று கைல்பொல்து நாளில் தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டிகளில் பெண்களும் சுடுகிறார்கள். சட்டமோ கொடவ இனத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் விலக்கு தருகிறது, ஆணென்று பிரிக்கவில்லை. மகள் பிறந்தாலும் முற்றத்தில் ஒரு வெடி தீர்க்கவும், அவள் பெயரைத் தகட்டில் பொறிக்கவும் தடையாக இருப்பது பழக்கம் மட்டுமே. அதை மாற்ற எந்த அலுவலகத்திலும் மனுப் போட வேண்டாம்.

விலக்கின் கதை வேறு. இனத்தையும் பரம்பரை நிலத்தையும் வைத்து ஆயுத உரிமை தருவது சமத்துவத்துக்கு எதிரானது என்று தொடுத்த வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் விலக்கு செல்லும் என்றது. ஆனால் 2019-இல் மத்திய உள்துறை அதை நீட்டித்தபோது, 2029 அக்டோபர் வரை என்று எல்லை வைத்துவிட்டது. உரிமம் பெற மற்ற இந்தியர்களுக்கு 21 வயது ஆக வேண்டும். இன்று பிறக்கும் குடகுப் பிள்ளை அந்த வயதை எட்டும்போது விலக்கு நீடிக்குமா என்பது இன்னும் எழுதப்படாத ஓர் அறிவிக்கையைப் பொறுத்தது. ஆகவே துப்பாக்கியோடு சான்றிதழ், கொள்முதல் தாள், வரிசை எண் பதிவு எல்லாவற்றையும் பிள்ளைக்காக இப்போதே சேர்த்துவைக்க வேண்டும்.