பொம்மைத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டமும்

திருச்சிராப்பள்ளியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இயங்கி வருகிறது. அதே ஊரின் கடைவீதிகளிலும் ஸ்ரீரங்கத்திலும் தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கிகள் விற்பனையாகின்றன. இவ்விரண்டையும் பிரிக்கும் கோட்டை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வரைகிறது.

பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடியதும், செயல்படும் ஆயுதமாக மாற்ற முடியாததுமான பொருள் இச்சட்டப்படி ஆயுதம் ஆகாது. இரண்டு நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். எனவே பிளாஸ்டிக் துப்பாக்கிகளை அலமாரியில் அடுக்கி வைப்பவருக்கு உரிமம் தேவையில்லை. உலோகத்தில் செய்த, குழாய் அடைக்கப்படாத மாதிரிகளைச் சேர்ப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

சுடும் திறன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துப்பாக்கியின் தோற்றமுள்ள எதுவும் ‘போலித் துப்பாக்கி’ என்கிறது பிரிவு 6. உரிமமின்றி அதை உண்மையான துப்பாக்கியாக மாற்றுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். கைதாவதைத் தடுக்கப் போலித் துப்பாக்கியைக் காட்டினாலும் பிரிவு 28இன்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. ‘வெறும் பொம்மைதானே’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

காற்றுத் துப்பாக்கி பொம்மைக் கணக்கில் சேராது. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்தையோ ஆற்றல் 20 ஜூலையோ தாண்டினால் உரிமம் வேண்டும்.

பிரிட்டனில் அசலைப் போன்ற போலிகளை விற்பதற்கே 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது; அமெரிக்காவில் பொம்மையின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் கட்டாயம். இந்திய ஆயுதச் சட்டத்தில் நிறம் பற்றிய விதி இல்லை. ஆனால் திருச்சி விமான நிலையத்தில் அசலைப் போன்ற பொம்மையைக் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது.